ஐந்தாம் தாழிக்குள் பாட்டு

அறுவடைக்குப் பதினாறு நாள் இருக்கும்போது மூன்றாம் தாழி விரிசல் விட்டது. வெந்நீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். ஊற்றிய தண்ணீர் தேங்கவே இல்லை, எங்கே போகிறதென்று தெரியாமல் மண்ணுக்குள் இறங்கியது. திராட்சை மது புளிக்கவைக்கிற, ஆள் உயரத்துக்கும் மேலான களிமண் தாழி, கழுத்துவரை தரையில் புதைத்தது. தோண்டி எடுத்துச் சரிபண்ண மாதக்கணக்கில் ஆகும். அன்றைக்கு என் வாயில் வந்த வசவைக் கேட்டிருந்தால் பாதிரியார் என்னைக் கோவில் பக்கமே சேர்த்திருக்க மாட்டார்.

அந்த வருஷம் பார்த்துத் திராட்சை அப்படிக் காய்த்துக் கிடந்தது. தினமும் விடிந்ததும் கொடிகளுக்கு நடுவே போய் ஒரு பழத்தைப் பிதுக்கி விதையைக் கடித்துப் பார்ப்பேன். பழுப்பேறி மொறுக்கென்று உடைந்தால் அறுக்கலாம். பச்சையாக நாக்கில் ஒட்டினால் இன்னும் காத்திருக்க வேண்டும். மலைப்பக்கம் ஒரு மேகம் கருத்தாலும் ஆலங்கட்டி விழுமோ என்று வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இவ்வளவுக்கும் தப்பி வருகிற பழத்தைப் போட்டு வைக்கத் தாழி இல்லையென்றால் இரண்டே நாளில் ஈ மொய்த்து எல்லாம் வீண்.

மற்ற தாழிகள் அந்த விளைச்சலுக்குப் போதாது, மிச்சம் இருந்தது ஐந்தாம் தாழி. அதை நான் நாலு வருஷமாகக் கல்லால் மூடி, மேலே மண் குவித்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் முர்மான் அதற்குள்தான் செத்துப்போனார்.

எங்கள் ககேத்தி வட்டாரத்தில் தாழியைச் சீக்கிரம் கழுவ ஆள் உள்ளே இறங்கியாக வேண்டும். செர்ரி மரப்பட்டையைக் கட்டாகக் கட்டிச் சுவரைத் தேய்க்க வேண்டும். பழைய கசடு இருந்தால் அடியில் கெட்ட காற்று தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, தூக்கம் மாதிரி வந்து ஆளைச் சாய்த்துவிடும். அதனால் எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு. இறங்கியவன் ஏறும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே ஒருத்தர் தாழியின் வாயை விட்டு நகராமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பாட்டு நின்றால் கயிற்றை இழுக்க வேண்டும்.

முர்மான் இறங்கிய அன்றைக்கு மேலே உட்கார்ந்திருந்தது நான்தான். அடுப்பில் ரொட்டி இருந்தது, கருகிவிடுமே என்று எழுந்து போனேன். திரும்பி வந்தபோது பாட்டு இல்லை. எவ்வளவு நேரமாக இல்லையென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ரொட்டி மட்டும் கருகவில்லை.

"அண்ணி, ஐஞ்சாவதத் திறந்துடலாம்," என்றான் ஜும்பெர். முர்மானின் தம்பி, பக்கத்து வீடு. ஒல்லிக்குச்சி உடம்பு, எந்தத் தாழியின் வாயிலும் தோள் உரசாமல் நுழைந்துவிடுவான். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

"வேற பேச்சு இருந்தா பேசுடா."

"வேற என்னத்தப் பேச? வர்ற பழத்தையெல்லாம் தலைலயா கொட்டிக்கப் போறீங்க?"

"உன் தலைல கொட்டுறேன். அப்பவாவது புத்தி வருதான்னு பாக்கலாம்."

"கொட்டுங்க, கொட்டுங்க. அதுக்கும் முதல்ல பழம் அறுக்கணும்ல?"

மூன்று நாள் முரண்டு பிடித்தேன். விதை பழுப்பேறிக்கொண்டே வந்தது. கடைசியில் மண்வெட்டியை நானே எடுத்தேன்.

கல்லை நகர்த்தியதும் புளித்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. முர்மான் பாதி கழுவி விட்ட கசடு அப்படியே அடியில் கிடந்தது. நாலு நாள் காற்றாட விட்டோம். இரண்டாம் நாள் உச்சிவேளையில் தாழிகள் இருக்கும் கொட்டகைக்குள் போனேன். தாழிக்குள்ளிருந்து 'ஓ' என்று ஒரு முனகல். கதவைச் சாத்தினேன், நிற்கவில்லை. திறந்தேன், அப்போதும் நிற்கவில்லை. காற்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

ஐந்தாம் நாள் காலை மெழுகுவர்த்தியை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினோம். அணையவில்லை. ஆனால் அடிக்குப் போனதும் சுடர் ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. தூங்குகிறவன் மூக்குக்கு நேரே வைத்த சுடர் அப்படித்தான் ஆடும்.

"எரியுதுல்ல, போதும்," என்று ஜும்பெர் சட்டையைக் கழற்றினான். அக்குளுக்குக் கீழே கயிற்றைக் கட்டி, உத்திரத்துக் கப்பி வழியாக மறுமுனையை என் இடுப்பில் சுற்றினேன்.

"பாட்டு நின்னுச்சு, கேள்வியே கிடையாது, இழுத்துடுவேன்."

"இழுங்க. ஆனா இன்னைக்கு அடுப்புல ஒண்ணும் வைக்கலையே?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் பேச்சு எப்போதும் அப்படித்தான், வந்த பிறகுதான் யோசிப்பான். முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினேன். அவன் இறங்கினான்.

களையெடுப்புப் பாட்டைத் தொடங்கினான். எங்கள் பாட்டு ஒற்றைக் குரலில் நிற்காது. ஒருத்தர் மேலே பாடினால் இன்னொருத்தர் கீழே 'ஓ' என்று தாங்கிப் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பி இருவரும் கல்யாண வீடுகளில் பாடினால் ஊரே சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்கும். ஜும்பெர் மேல்குரல், முர்மான் அடிக்குரல். முர்மான் போனபிறகு இவன் தனியாகப் பாடுவதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும், ஒற்றைக்காலில் நிற்கிறவனைப் பார்ப்பது மாதிரி. அன்றைக்கு எரிச்சல் வரவில்லை. ஏன் வரவில்லை என்று உடனே உறைக்கவில்லை.

பட்டையின் சரக்சரக் சத்தம் நின்றது. கீழேயிருந்து சிரிப்பு. "அண்ணி! அடிக்குரல் பிச்சு உதறுறீங்களே! இத்தன நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

நான் வாயே திறக்கவில்லை.

"ஜும்பெர், நான் பாடலடா."

"சும்மா இருங்க அண்ணி, கேக்குதுல்ல."

"ஏறி வா. சொல்றதக் கேளு, ஏறி வா."

"ரெண்டே வாளி கசடுதான். நீங்க பாட்ட விடாதீங்க, நல்லாருக்கு."

மறுபடி பட்டை தேய்த்தது, பாட்டு எழுந்தது. இந்தமுறை நான் தரையில் குப்புறப் படுத்து, தாழியின் வாய்க்குள் தலையை விட்டேன். இரண்டு குரல்கள். முர்மான் பாட்டின் கடைசி அடிக்கு இறங்குமுன் மூக்கால் ஒரு குட்டி மூச்சு இழுப்பார். அதே மூச்சைக் கேட்டேன்.

புத்தியுள்ள எவளும் அந்த நிமிஷமே இழுத்திருப்பாள். நான் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுதேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கண்ணீர் தானாக மூக்கு நுனியில் சேர்ந்து கீழே சொட்டிக்கொண்டிருந்தது. பாட்டு நிற்கவில்லையே, சட்டப்படி எல்லாம் சரிதானே. என் மனுஷன் பாடுகிறார், இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரே ஒரு அடி.

எவ்வளவு நேரம் போயிற்றோ. பட்டையின் சத்தம் இல்லையென்று அப்போதுதான் உறைத்தது. மேல்குரலும் இல்லை. அடிக்குரல் மட்டும் நிற்காமல், மூச்சுக்கூட விடாமல் போய்க்கொண்டிருந்தது.

"ஜும்பெர்!"

அவன் பதில் சொன்னானா இல்லையா என்று கேட்கவிடாமல் குரல் பெருத்தது. தாழி முழுக்க அதுதான். என் வயிற்றுக்குக் கீழே மண் அதிர்ந்தது. தம்பியைத் துணைக்குக் கூப்பிடுகிறாரா, எனக்காகப் பாடுகிறாரா, தெரியவில்லை. எதுவானாலும் அது நிற்காதவரை என் கை கயிற்றுக்குப் போகவில்லை, சத்தியமாகப் போகவில்லை.

"யோவ், வாய மூடுய்யா!" என்று கத்தினேன். "உன் தம்பி சாகுறான்யா! மூடுய்யா வாய!"

குரல் பாதி அடியில் அறுந்தது. அதற்குப் பிறகு வந்த அமைதியில் ஜும்பெரின் மூச்சு கேட்கவே இல்லை.

இழுத்தேன். எப்படி இழுத்தேன் என்று கேட்காதீர்கள். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. அவன் தலை வெளியே தெரிந்ததும் முடியைப் பிடித்து இழுத்துப்போட்டேன். வெயிலுக்கு இழுத்து வந்து கன்னத்தில் மாறி மாறி அறைந்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. கடைசியில் ஒரு பெரிய இருமல், பிறகு வாந்தி.

"ஏன் அண்ணி நிறுத்தினீங்க?" என்றான், கண்ணைத் திறக்காமலே. "நல்லாத்தான போய்ட்டிருந்துச்சு."

அவனை இன்னொரு அறை அறைந்துவிட்டு மடியில் சாய்த்துக்கொண்டேன்.

தாழியை நான் மேலே நின்றபடியே, நீளக் கழியில் பட்டையைக் கட்டி, நாலு நாளாய்க் கழுவி முடித்தேன். யாரையும் உள்ளே இறக்கவில்லை. தினமும் உச்சிவேளையில் அதன் வாயருகே உட்கார்ந்து களையெடுப்புப் பாட்டின் மேல்குரலைப் பாடினேன். எனக்குப் பாட வராது. இருந்தாலும் பாடினேன், நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். சுத்தமான களிமண் வாடை மட்டும் வந்தது.

முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினோம். குடிக்காதே என்றால் குடிப்பார், ஏணியில் ஏறாதே என்றால் ஏறுவார், என் பேச்சை ஒரு நாளும் கேட்டதில்லை. வாயை மூடு என்ற அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டார்.