செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

1931ஆம் ஆண்டு தை மாதம் பாகூர் ஏரியில் மூழ்கி இறந்த அய்யனார், அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடத்துக் கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றினான். அதற்கடுத்த செவ்வாயும் ஊற்றினான். அவனை யாரும் பார்க்கவில்லை. ஏரிப் படியிலிருந்து தோட்டம் வரை பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் ஈரக் கால்தடம் வந்திருந்தது. திரும்பிப் போன தடம் கிடையாது.

தோட்டம் சாமிநாதன் வாத்தியார் போட்டது. நிலக்காரர் வீட்டுப் பிள்ளையானாலும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையானாலும் முறை வைத்து ஏரியிலிருந்து குடம் சுமக்க வேண்டும் என்பது அவர் சட்டம். செவ்வாய்க்கிழமை சிங்காரவேலுவின் முறை. அவன் அப்பா உலகநாதனுக்கு நாற்பது காணி நஞ்சை. மகன் குடம் தூக்குவதில் அவருக்குச் சம்மதமில்லை, ஆனால் வாத்தியார் மசியவில்லை. சிங்காரவேலுவே ஒரு வழி கண்டுபிடித்தான். உடன் படித்த அய்யனாரின் குடும்பம் அவர்கள் நிலத்தில்தான் கூலி வேலை செய்தது. "என் மொறைய நீ பாருடா" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் பந்து விளையாடப் போனான். பாசி பிடித்த கடைசிப் படியில் அய்யனார் வழுக்கினான். குடம்தான் முதலில் மிதந்தது.

சிங்காரவேலு இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அய்யனாரின் அம்மா காசம்மாள் நடவு வயலிலும் கடைத்தெருவிலும் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, "அன்னிக்கு அவன் மொறையே இல்லியே, இன்னாத்துக்கு ஏரிக்குப் போனான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். விளையாடப் போயிருப்பான் என்று ஊர் தீர்மானித்தது.

மாசிக்குள் பிள்ளைகளுக்குப் பயம் தெளிந்துவிட்டது. செவ்வாய்ப் பாத்தியின் காய்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தன, அறுத்தால் ஏரித் தண்ணீர் சொட்டியது. வாத்தியார் குறிப்பேட்டில் "தண்ணீர் ஊற்றியாயிற்று" என்று மட்டும் எழுதினார். மாரிமுத்து என்ற பையன் சிங்காரவேலுவைப் பார்த்து, "ஒனக்கு இன்னாடா, செத்தும் வேல செய்ற ஆளு வெச்சிருக்க" என்றான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து சிங்காரவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த செவ்வாய் விடியும்போதே அவன் படியில் போய் நின்றான். ஏரியிலிருந்து நிறைகுடம் தானாக எழும்பி, ஒரு சின்னப் பையன் தோள் உயரத்தில் அவனைக் கடந்தது. "வெச்சிடுடா அய்யனாரு, இது என் மொறை" என்று இரண்டு கையாலும் பிடித்தான். குடம் அவனையும் இழுத்துக்கொண்டு போயிற்று. உயிரோடிருந்தவரை அந்த வீட்டுப் பேச்சைத் தட்டாத அய்யனார் அன்றுதான் முதன்முதலாகத் தட்டினான்.

முழங்கால் சிராய்ப்போடு சிங்காரவேலு நேரே வயலுக்குப் போனான். காசம்மாள் களை பறித்துக்கொண்டிருந்தாள். வரப்பில் உலகநாதன் நின்றிருந்தார். அவளைப் பேர் சொல்லியே கூப்பிட்டுப் பழகியவன், "யம்மா, அது என் மொறை. நான்தான் அனுப்பினேன்" என்றான்.

காசம்மாள் நிமிர்ந்தாள். "முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லலியா எம்புள்ள?"

"சொன்னான். ஒங்கள வேலைய வுட்டு நிறுத்திடுவோம்னு சொன்னேன். அப்புறந்தான் போனான்."

உலகநாதன் மகனை வரப்பிலேயே அறைந்தார், சொன்னதற்காக. காசம்மாள் அழவில்லை. சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அவன் அங்க ஒண்டியா தூக்கினு இருக்கான். போ, நீயும் தூக்கு" என்றாள். அதன்பின் உலகநாதன் நிலத்தில் அவள் கால் வைக்கவில்லை. நெட்டப்பாக்கம் பக்கம் வேலைக்குப் போனாள்.

அடுத்த செவ்வாயிலிருந்து இரண்டு குடங்கள் போயின. சிங்காரவேலு படித்து முடித்தான், அப்பாவின் பேச்சை மீறி அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனான். உலகச் சண்டை வந்தது, மண்ணெண்ணெய் கிடைக்காமல் போயிற்று, உலகநாதன் காலமானார். செவ்வாய்க்கிழமைகளில் ஏரிக்கரையில் வண்டி ஓட்டி வருகிறவர்கள் மாட்டைப் பிடித்து நிறுத்தி இரண்டு குடங்களுக்கும் வழிவிட்டார்கள். சில நாள் காசம்மாள் கரையில் நின்று அரிசி விலையையும் முட்டி வலியையும் அவற்றிடம் சொல்லுவாள்.

சிங்காரவேலு ஆறடி வளர்ந்திருந்தான். பக்கத்துக் குடம் இன்னும் பன்னிரண்டு வயதுத் தோள் உயரத்தில்தான் வந்தது. அது பின்தங்கிவிடாதபடி அவன் எட்டுகளைக் குறுக்கி, மெதுவாக நடப்பான்.