தொட்டால் கீறும் கறுப்பு

எனக்குக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது ஒரு கறுப்புக் காரின் பெயின்ட் கையில் இருந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

நான் கார்களுக்குப் பாலிஷ் போடுகிறவள். பக்கத்து ஷெட்டில் டயர் மாற்றுகிறவனைக் காதலிக்கிறேன். அவனுடைய அப்பா முப்பது வருஷம் அடுத்தவர்களின் காரை ஓட்டி ஓய்வு பெற்று, பிறகு தனக்கென்று ஒரு கறுப்புக் கார் வாங்கியவர். எதையும் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் நம்புவார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் மேற்பார்வை. எங்கள் விஷயத்தை டயர்க்காரன் வீட்டில் சொன்னதும் மேற்பார்வை என் படிப்பைக் கேட்கவில்லை, குடும்பத்தைக் கேட்கவில்லை. நேராக என் பட்டறைக்கு வந்து கார்ச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"அஞ்சு பேர்கிட்ட பாலிஷ் போடக் குடுத்துட்டேன். அஞ்சு பேரும் கீறி வெச்சிருக்கானுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வருவேன். வெயில்லயும் பார்ப்பேன், டார்ச் அடிச்சும் பார்ப்பேன். ஒரு கீறல் இருந்தாலும் கல்யாணப் பேச்சே கிடையாது."

"ஒரு கீறல்கூட இருக்காது சார்" என்று சொல்லிவிட்டேன். என் வாய்க்கொழுப்பு எனக்கே தெரியும்.

சனிக்கிழமை காலையில்தான் மாட்டிக்கொண்டது புரிந்தது. சில கார்களின் பெயின்ட் கல் மாதிரி இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் அசராது. இது வெண்ணெய். பின்பக்க ஓரத்தில் கையளவு இடத்தில் வழக்கமான பாலிஷைப் போட்டு மெஷினை ஓட்டினேன். துணியால் துடைத்தேன். பளபளவென்று இருந்தது. டார்ச் அடித்தால், அடக் கடவுளே, சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள்! இருப்பதிலேயே மெத்தென்ற மெஷின் பஞ்சு, இருப்பதிலேயே நைசான பாலிஷ் என்று மாற்றிப் பார்த்தேன். துணியின் ஓரத்தில் இருந்த சின்ன லேபிளைக்கூட வெட்டி எறிந்தேன். மறுபடியும் வலை. வந்த கோபத்தில் தண்ணீர் வாளியை ஓங்கி ஒரு உதை விட்டேன். கால் கட்டைவிரல் போச்சு.

நான் போட்ட கூச்சலில் டயர்க்காரன் ஓடி வந்தான்.

"என்னாச்சு?"

"இது பெயின்டாடா? மூச்சு விட்டாலே கீறுதுடா!"

"அப்ப மூச்சு விடாம போடு."

அவனை அடிக்கத் துணியைத் தேடித் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். வாளித் தண்ணீர் எகிறி, மெஷினை ஓட்டிவிட்டு ஓரத்தில் நான் இன்னும் துடைக்காமல் விட்டிருந்த பாலிஷ்மேல் கொட்டியிருந்தது. தண்ணீர் ஓடிய இடத்தில் பாலிஷ் தானாகவே கழுவிக்கொண்டு போயிருந்தது. அங்கே டார்ச் அடித்தேன். ஒரு கீறல் இல்லை! மெஷின் கீறவில்லை. பிறகு துடைக்கிற துணிதான் கீறுகிறது. நான் ஒற்றைக் காலில் குதித்தேன், இன்னொரு கால்தான் வீங்கிவிட்டதே.

அப்புறம் கேட்க வேண்டுமா? மெஷினை மெதுவாக ஓடவிட்டு, அதன்மேல் கையைச் சும்மா வைத்தேன், அழுத்தவே இல்லை. துடைக்கவும் இல்லை. சோப்பு நுரையை வழியவிட்டு, மேலே தண்ணீரை ஊற்றினேன். ஈரத்தை என்ன செய்வது? டயர்க்காரன் தன் ஷெட்டிலிருந்து காற்றடிக்கிற குழாயை இழுத்துக்கொண்டு வந்தான். நான் பாலிஷ் போட, அவன் காற்றடிக்க, இரண்டு பேருமாகச் சிரித்து, சண்டை போட்டு, மறுபடி சிரித்து ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு முடித்தோம்.

பன்னிரண்டுக்கு மேற்பார்வை வந்தார். காரை வெயிலில் நிறுத்திச் சுற்றிச் சுற்றி வந்தார். பட்டறைக்குள் கொண்டுவந்து டார்ச் அடித்தார். குனிந்தார், மண்டியிட்டார்.

"ஒண்ணுகூட இல்லியேம்மா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ துளி தூசி வந்து பானெட்டில் உட்கார்ந்தது. அவர் யோசிக்கவே இல்லை. கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது, ஒரு மஞ்சள் துணி வெளியே வந்தது, சரக்கென்று ஒரு இழுப்பு.

"யோவ்! எடுய்யா கைய!"

கத்தியது நான்தான். டயர்க்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். கல்யாணம் அவ்வளவுதான் என்று எனக்கும் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. அவர் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கி அந்த இடத்தில் அடித்தேன். துணியின் அகலத்துக்கு மெல்லிசு மெல்லிசாகக் கோடுகள்.

"பாருங்க! நல்லா பாருங்க!"

பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தினமும் காலையில தொடைப்பேன்மா" என்றார் மெதுவாக. "ஆசையா."

"ஆசையாத்தான் கீறியிருக்கீங்க. அந்த அஞ்சு பேரும் இல்ல, நீங்கதான்."

அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. அதற்காக விட முடியுமா?

"இனிமே தூசி இருந்தா தண்ணி ஊத்துங்க, இல்ல காத்தடிங்க. துணியக் குடுங்க இப்படி! பாக்கெட்டுல இன்னொண்ணு இருக்கா? அதையும் குடுங்க!"

இன்னொன்று இருந்தது. அதையும் கொடுத்தார்.

"சரி சரி, கத்தாதே மருமகளே, காது அடைக்குது."

டயர்க்காரன் கையிலிருந்த காற்றுக் குழாய் கீழே விழுந்து உஸ்ஸென்று பட்டறை முழுக்கத் துள்ளியது. யாரும் அதைப் பிடிக்கவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"கத்தாதேன்னு சொன்னேன்."

"அதுக்கப்புறம்?"

"அதான் சொல்லிட்டேனே. எத்தனை தடவை சொல்றது?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது. பானெட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து அழப்போனேன். அவர் பதறிப்போய் என் தோளைப் பிடித்து இரண்டடி பின்னால் நகர்த்தினார்.

"தள்ளி நின்னு அழும்மா" என்றார் என் மாமனார்.