கீழ் விளிம்பில் ஐந்து மைல் அதிகம்

வாயிலிருக்கும் பேரீச்சம்பழத்தை விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. கடவுளே, இந்த மனிதர் இப்போதுதான் கதவைத் திறக்க வேண்டுமா?

நஜ்லா கடல் வரைபடத்தின் மேல் குனிந்து கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள். ரமலான் மாதம். மாதவிலக்கு என்பதால் இன்று அவளுக்கு நோன்பு இல்லை. சூயஸ் வளைகுடாவின் எண்ணெய் மேடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் இந்தக் கப்பலில் பாதை குறிக்கும் அதிகாரி அவள்; அவள் ஒருத்திதான் பெண். இதை யாரிடம் சொல்வது?

உள்ளே வந்தவர் இன்ஜினியர் ஷஹாத்தா. சிகரெட் இல்லாத காலைகளில் அவர் மனிதராக இருப்பதில்லை. பின்னாலேயே கேப்டன் ஃபிக்ரி, கப்பலில் எல்லோருக்கும் 'ரயீஸ்'.

"என்ன தங்கச்சி, பல்வலியா?" என்றார் ஷஹாத்தா.

தலையாட்டினாள்.

"இன்னைக்கு எவ்வளவு தூரம் போறோம்?" என்று கேட்டார் கேப்டன்.

முதலில் நான்கு விரல், பிறகு மூன்று விரல் காட்டினாள்.

"நாப்பத்தி மூணு மைல்தானா?" கேப்டன் முகம் தொங்கியது. பயணம் போகிறவர் நோன்பைத் தள்ளிப்போடலாம். ஆனால் எண்பத்தொரு கிலோமீட்டராவது, அதாவது நாற்பத்து நான்கு கடல் மைலாவது, போக வேண்டும் என்று துறைமுகப் பள்ளிவாசல் இமாம் சொல்லியிருந்தார். ஒரே ஒரு கடல் மைல் இடித்தது.

"குடுங்க, நான் அளக்கறேன்." ஷஹாத்தா அவள் கையிலிருந்த இருமுனை அளவுகோலை, டிவைடரை, பிடுங்கினார். பாதையின் நீளத்தை எடுத்து, படத்தின் கீழ் விளிம்பில் வைத்து நகர்த்தினார். "ரயீஸ்! நாப்பத்தெட்டுக்கு மேல வருது! டீ போடச் சொல்லுங்க!"

கீழ் விளிம்பின் பிரிவுகள் குறுகலானவை; அங்கே வைத்தால் எண்ணிக்கை கூடித்தான் வரும். மைலைப் பக்க விளிம்பில்தான் அளக்க வேண்டும். முதல் வருட மாணவனுக்கும் இது தெரியும். கேப்டனுக்குத் தெரியாதா? அவர் ஜன்னல் வழியே ஒரு கடற்பறவையை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி எங்கேயோ வச்சிட்டேன்," என்றார். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. "நீயே பாத்து நாப்பத்தெட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. நாங்க நம்பிக்கறோம்."

"பாவம் வந்தா, ரயீஸ்?" என்றார் ஷஹாத்தா.

"அது அளந்து சொன்னவங்க கணக்கு."

"அப்போ சரி," என்றார் ஷஹாத்தா நிம்மதியாக.

நஜ்லா பழத்தை ஒருவழியாக விழுங்கினாள். தின்ற வாயால் பட்டினி கிடப்பவர்களுக்கு மறுப்புச் சொல்வதா? வெட்கமாக இருந்தது. இந்த வாரம்தான் 'அந்தப் பொண்ணு' மாறி 'தங்கச்சி' ஆகியிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் கப்பலே அவளைக் கொண்டாடும். சொல்லாவிட்டால் மறுபடி 'அந்தப் பொண்ணு'தான். ஆனால் தனக்குக் கிடைத்த சலுகையை அவள் யார் தலையிலும் கட்டவில்லை. ஒளிந்து தின்றாலும் அது அவள் கணக்கு. இவர்களுக்கு டீயும் வேண்டும், அதன் பாவத்தைச் சுமக்க ஒரு கழுதையும் வேண்டும்.

"என்னம்மா யோசனை? நாப்பத்தெட்டுதானே?"

அவள் ஷஹாத்தாவின் கையிலிருந்து டிவைடரை மெல்ல வாங்கிப் பக்க விளிம்பில் வைத்தாள்.

"இல்ல ரயீஸ்," என்றாள் தாழ்ந்த குரலில். "நான் சொல்லமாட்டேன்."