ஆட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும்

"உருகீட்டுதோ?" என்று குணசேகரம் படுக்கையறையிலிருந்து கேட்டார்.

குமுதினி அடுப்பின் முன்னே நின்று, கொதிதண்ணீருக்குள் வைத்திருந்த தகரக் குவளையை மரக்குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தாள். தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் சேர்ந்து, பருப்பு வெந்த தண்ணீரின் நிறத்துக்கு வந்திருந்தன.

"இன்னும் கொஞ்சம் கட்டி கிடக்கு."

"அவசரப்படாதை. புகைய விடக்கூடாது."

குசினிக் கதவும் படுக்கையறைக் கதவும் நேருக்கு நேர் இருந்தன. இரண்டையும் அகலத் திறந்து வைத்திருந்தாள். ஆனாலும் அவர் படுத்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அவளுடைய முதுகு மட்டுந்தான் தெரியும்.

மேசையில், இந்த வேலைக்கென்றே ஒதுக்கிய பழைய கேக் தட்டு. அதற்குள் ஈயக் குண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றும் சின்னவிரல் நுனியளவு. இடுப்பைச் சுற்றி வரிவரியாகப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் கொழுப்பு இறங்கி உறைந்தால்தான் குண்டு துப்பாக்கிக் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். இல்லாவிட்டால் ஈயம் குழலில் ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் இன்று காலையில்தான் அவளுக்குத் தெரிய வந்தது.

ஜெர்மனியின் ஹனோவரில் ட்ராம் திருத்தும் பட்டறையில் வேலை கிடைத்து, நகரத்துக்கு வெளியே இந்தச் சிற்றூருக்குக் குடிவந்த காலத்தில், பக்கத்து வீட்டு பீலிக்ஸ் ஒருநாள் குணசேகரத்தைத் துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கூட்டிப்போனார். அதற்கு முன் அந்த ஊரில் வேறு யாரும் அவரை எங்கேயும் கூப்பிட்டதில்லை. பிறகு கிழமைதோறும் போனார். பழங்காலத்துத் துப்பாக்கி, கரிமருந்து, வட்டம் போட்ட கடதாசி. குண்டு வார்ப்பது பீலிக்ஸின் கராஜில். கொழுப்புப் போடுவது மட்டும் இங்கே, குசினியில்.

அந்தத் தட்டை அவர் வெளியே எடுக்கும்போதெல்லாம் குமுதினி கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். கால்வாய்க் கரையில் நடப்பாள். கடைக்குள் புகுந்து, வாங்க நினைக்காத சாமான்களை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். திரும்பி வரும்போது மேசை துடைத்திருக்கும், யன்னல் திறந்திருக்கும். அவள் ஏன் போகிறாள் என்று அவர் கேட்டதில்லை. சொந்த ஊரில், கோண்டாவில் சந்தியில் அவளுடைய அண்ணன் சிறீதரன் சூடுபட்டுச் சைக்கிளோடு விழுந்து கிடந்ததும், அந்தச் சைக்கிளை அவள்தான் உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அவருக்குத் தெரியும்.

காலையில் வந்த தாதி அவருடைய மூச்சைக் கேட்டுவிட்டு, குமுதினியை வாசலுக்குக் கூட்டிப்போய், மகளை இன்றைக்கே வரச்சொல்லுங்கள் என்றாள். யதுசா டார்ம்ஸ்டாட்டில் ரயில் ஏறிவிட்டாள். குமுதினி அதைச் சொல்ல உள்ளே போனபோது அவர் வேறொன்றைச் சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை அவையளுக்குப் போட்டி. வார்த்த குண்டெல்லாம் சும்மா கிடக்கு. எனக்கு எழும்ப ஏலாது. நீ செய்து விடுறியே?"

கஞ்சியா பாணா என்று கேட்டால்கூட 'உன்ர விருப்பம்' என்று சொல்கிறவர். துப்பாக்கியைப் போன மாதமே கிளப்பில் ஒப்படைத்துவிட்டார்; அன்றைக்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. குமுதினி கொஞ்ச நேரம் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு, "எப்பிடிச் செய்யிறதெண்டு சொல்லுங்கோ" என்றாள்.

முதல் குண்டைக் கையில் எடுத்தபோது அதன் பாரம் அவளைத் திடுக்கிட வைத்தது. இவ்வளவு சின்னதுக்கு இவ்வளவு கனமா.

இப்போது குவளையைத் துணியால் பிடித்துத் தூக்கினாள். "ஊத்தப் போறன்."

"ஓரத்தால ஊத்து. மெல்லமா. தலையில படக்கூடாது."

கொழுப்பு தட்டின் ஓரத்திலிருந்து ஊர்ந்து, குண்டுகளின் கால்களைச் சுற்றிக்கொண்டு மேலே வந்தது. ஆட்டிறைச்சிக் கறி கொதிக்கிற மணமும் கோயில் மணமும் கலந்தது மாதிரி ஒரு வாசம். ஒரு குண்டு சரிந்தது. கரண்டியால் நிமிர்த்தி வைத்தாள்.

"இஞ்சாருங்கோ."

"ம்."

"இந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே அங்கயிருந்து ஓடி வந்தனாங்கள். பிறகேன் உங்களுக்கு இந்த விசர் வேலை?"

நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தாள்.

"கிளப்பில எல்லாரும் காதுமூடி போட்டுக்கொண்டுதான் நிப்பினம், குமுது." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேடி எடுத்தார். "பட்டறையில நான் வாய் திறந்தா ரெண்டாந்தரம் கேப்பாங்கள். என்ன, என்ன எண்டு. அங்க அந்தக் கரைச்சல் இல்லை. எனக்கும் கேக்காது, அவங்களுக்கும் கேக்காது. எல்லாரும் ஒண்டுதான்."

சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. குமுதினி குவளையோடு நின்றாள். வீட்டிலயாவது கதைச்சிருக்கலாமே என்பது வாய்வரை வந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு போனவள் தான்தானே என்பதும் கூடவே வந்தது.

"ஊத்தி முடிஞ்சுது" என்றாள்.

"உறையட்டும். கையை வடிவாக் கழுவு. ஈயம்."

சவர்க்காரம் போட்டுக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். அடுப்பைத் துடைத்தாள். கொழுப்பு ஓரத்திலிருந்து மங்கி வெளுத்துக்கொண்டு வந்தது. நடுவும் வெளுக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் வீடு அமைதியாக இருப்பது அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து மரம் அறுப்பதுபோலக் கேட்ட மூச்சுச் சத்தம் இல்லை. எப்போது நின்றதென்று தெரியவில்லை.

அவருடைய முகம் குசினிப் பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே போய் அவர் கண்களை மூடிவிட்டு, குளிருமே என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பிறகு கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

தொலைபேசி அடித்தது.

"அம்மா, கோட்டிங்கனுக்குக் கிட்ட ரயில் நிண்டிட்டுது. எப்ப எடுப்பாங்களெண்டும் சொல்லுறாங்களில்லை. அப்பா என்ன செய்யிறார்?"

"நீ வா, பிள்ளை. அவசரப்படாமல் வா."

ரயிலில் செய்யும் அறிவிப்பு மட்டும் இரண்டு பேருக்கும் நடுவே நீளமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

மருத்துவர் வந்து மரணச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பொழுதுபடும் நேரம் பீலிக்ஸ் வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையோடு கட்டிலருகே வெகுநேரம் நின்றார். பிறகு குசினிக்கு வந்து தட்டைக் கண்டார்.

"இதை யார் செய்தது?" ஜெர்மனில் கேட்டார்.

"நான்தான்."

கொழுப்பை நகத்தால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். கதிரையில் உட்கார்ந்தார். அவள் வைத்த தேநீரைத் தொடவில்லை.

"இத்தனை வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுட்டோம். என்னோடு அவன் பேசியது மிகக் குறைவு. வீட்டில் நிறையப் பேசுவான், அதனால்தான் வெளியே பேச்சு மிஞ்சவில்லை என்று நினைத்துக்கொள்வேன்."

குமுதினி ஜெர்மன் சொற்களைத் தேடினாள்.

"இன்றைக்கு" என்றாள். "இன்றைக்குப் பேசினார்."

பீலிக்ஸ் எழுந்தார். போகும்போது அவள் தட்டைச் செய்தித்தாளால் மூடிக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் ஏந்தி, சரிந்துவிடாமல் படி இறங்கினார்.

குமுதினி யன்னலைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. கீழே, வெளிச்சம் போய்க்கொண்டிருந்த புல்வெளியில் ஒரு பெண் தன் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதலில் உரக்க, பிறகு கெஞ்சலாக, பிறகு வெறுமனே. நாயைக் காணவில்லை. அது வந்து சேரட்டும் என்று குமுதினி யன்னலைச் சாத்தாமல் நின்றாள்.