வயோலா வளர்ந்த வருடங்கள்

வயோலா வாத்தியாரின் வயோலா வளரத் தொடங்கியது ஒரு மழைக்காலத்தில். முதல் வருடம் ஒரு விரல்கடை வளர்ந்தது, அடுத்த வருடம் இன்னொரு விரல்கடை. ஆரம்பத்தில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்த வாத்தியத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. வயலினுக்கு இத்தனை நீளம் என்று ஒரு கணக்கு உண்டு. எந்தக் கடையில் வாங்கினாலும் அதே நீளம்தான். அதன் அக்காவான வயோலாவுக்கு அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. செய்கிறவரின் கை போன போக்கில் ஒன்று நீளமாக இருக்கும், ஒன்று குட்டையாக இருக்கும். வாசிக்கிறவர் தன் கைக்குத் தோதானதைத் தேடிப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே வாத்தியாரின் வயோலாப் பெட்டி மூடாமல் போனபோது, பெட்டிதான் ஈரத்தில் சுருங்கிவிட்டது என்று அவர் மனைவி கடைக்காரனிடம் சண்டைக்குப் போனார். கடைக்காரன் பாவம், மறுபேச்சுப் பேசாமல் பெரிய பெட்டியாகக் கொடுத்து அனுப்பினான்.

வாத்தியார் சின்ன வயதில் வயலின்தான் வாசித்தார். பதினாலு வயதில் கை மளமளவென்று நீண்டுவிட, பள்ளிக்கூடத்து இசை ஆசிரியர் அவரை மேலும் கீழும் பார்த்து, வயலினைப் பிடுங்கிக்கொண்டு வயோலாவைக் கையில் திணித்தார். இசைக்குழுவில் வயோலாக்காரர்கள் நடுவில் உட்காருகிறவர்கள். பாட்டின் மெட்டு வயலின்களுக்குப் போய்விடும், அடித்தளம் பெரிய வாத்தியங்களுக்குப் போய்விடும், மிச்சம் மீதி இவர்களுக்கு. பத்திரிகையில் குழுவின் படம் வந்தால் தாள் மடிகிற இடத்தில்தான் இவர்கள் முகம் விழும். அப்படிப்பட்ட வரிசையின் முதல் நாற்காலியில் இருபது வருடம் உட்கார்ந்திருந்த வாத்தியார், ஒருநாள் எழுந்து முன்னால் வந்து, தனியாக நின்று வாசிக்க ஆரம்பித்தார். அது பெரிய விஷயம். வயோலாவுக்காக யாரும் தனியாக எதுவும் எழுதாத நிலைமை மாறி, அவருக்கென்றே புதுப் படைப்புகள் எழுதப்பட்டன. ஊர் ஊராகப் போனார். ஊரில் இருக்கும் நாட்களில் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி சலவைக் கடைக்காரரின் மகள். வில்லைக் கம்பியில் வைப்பதற்கு முன்னால் மூக்கால் ஒரு மூச்சை இழுப்பாள் பாருங்கள், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வாத்தியார் சொல்லிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசிக்க வைத்தும் பார்த்தார். கடைசியில், அவள் அப்படி மூச்சை இழுக்காமல் வாசித்தால் வாசிப்பே செத்துவிடுகிறது என்று கண்டு, போனால் போகிறது என்று விட்டுவிட்டார். கூடப் படித்தவர்கள் அவளுக்குப் பெருமூச்சு என்று பெயர் வைத்தார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாள்.

வாத்தியார் காலி செய்த முதல் நாற்காலிக்கு ஆள் எடுக்கத் தேர்வு வைத்தபோது, தேர்வாளர்களில் அவரையும் ஒருவராகப் போட்டார்கள். இந்தத் தேர்வு கண்ணால் பார்த்து நடப்பதில்லை. மேடைக்குக் குறுக்கே திரை கட்டிவிடுவார்கள். வாசிக்க வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். செருப்புச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று செருப்பையும் வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். அப்படியும் ஒரு தேர்வாளருக்குத் திரைக்குப் பின்னால் இருப்பது யார் என்று தெரிந்துவிட்டால், எழுந்து வெளியே போய்விட வேண்டும். நான்காம் எண் வந்து நின்றபோது திரைக்குப் பின்னாலிருந்து மூக்கால் இழுத்த ஒரு மூச்சு கேட்டது. வாத்தியாருக்குத் தெரிந்துவிட்டது. அவர் எழுந்து போகவில்லை.

நான்காம் எண் வாசித்தது எல்லாருக்கும் தெரிந்த ஒரு படைப்பின் மெதுவான பகுதி. அதில் ஓர் இடத்தில், அடிக் கம்பியிலேயே மேலே மேலே ஏறிப்போக வேண்டும். அங்கே கை வழுக்கும் என்று பயந்து எல்லாரும் நைசாக அடுத்த கம்பிக்குத் தாவிவிடுவார்கள். வாத்தியாரும் முப்பது வருடமாகத் தாவிக்கொண்டுதான் இருந்தார். நான்காம் எண் தாவவில்லை. அடிக் கம்பியிலேயே ஏறி, உச்சியில் நின்று, அவசரப்படாமல் இறங்கிவந்தது. பக்கத்தில் இருந்த தேர்வாளர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். தான் சொல்லிக்கொடுத்த பெண், தான் செய்யாததைச் செய்கிறாள். இன்று இந்த நாற்காலி, இரண்டு வருடத்தில் தன் இடம் என்று அவர் மனம் கணக்குப் போட்டது. சொந்த மாணவிக்குச் சலுகை காட்டக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டார். பிறகு, மற்றவர்கள் எவ்வளவு அள்ளிப் போட்டாலும் கரையேற முடியாதபடி ஒரு மதிப்பெண்ணைப் போட்டார்.

மறுநாள் பெருமூச்சு மழையில் நனைந்து, தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஓடிவந்தாள். நாற்காலி அவளுக்குத்தான் கிடைத்திருந்தது. அவள் ஏழாம் எண்.

“ஜலதோஷம் சார், மூக்கு ரெண்டும் அடைச்சிக்கிச்சு. வாயாலதான் மூச்சு விட்டேன். செத்தேன்னு நெனச்சேன். நீங்க அந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்கன்னு நெனச்சதும்தான் தைரியம் வந்துச்சு.”

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. நல்லா இரு என்று மட்டும் சொன்னார். அவள் போன பிறகும் முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தார். நான்காம் எண் யாரோ. மூக்கால் மூச்சிழுக்கிற யாரோ ஒருவர், முகம் தெரியாத ஒருவர், இனி எந்த நாற்காலியும் வேண்டாம் என்று பெட்டியை மூடிக்கொண்டு போயிருப்பார். கெடுக்க நினைத்தது ஒருவரை, கெட்டது இன்னொருவர். தான் கெடுக்க நினைத்த பெண்ணோ வந்து நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள். வயோலா வளர ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான்.

வாத்தியங்களைப் பழுதுபார்க்கிறவர் முதல் தடவை அளந்துவிட்டு, மரம்தானே, மழைக்காலத்தில் உப்பும் என்றார். மறு வருடமும் அதையே சொன்னார். மூன்றாம் வருடம் அளவுநாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, “இது உப்பல் இல்ல சார். நீங்க எதையாவது உள்ள போட்டு வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். வாத்தியார் கூலியைக் கொடுத்து அனுப்பிவைத்தார். வேறு வயோலா வாங்கிப் பார்த்தார்; அது அவர் கைக்கு வந்த மாதமே வளர ஆரம்பித்தது. பழையதே தேவலை என்று திரும்பி வந்தார்; அதுவோ இப்போது வருடத்துக்கு அரைச் சாண் வளர்ந்தது. மோவாய்க்கும் தோளுக்கும் இடையில் அது அடங்காமல் போனபோது நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வாசித்தார். அதுவும் முடியாமல் போனபோது நின்றுகொண்டு கட்டிப்பிடித்து வாசித்தார். தச்சர் நீளமான வில் செய்து கொடுத்தார். கொத்தனார் ஜன்னலைப் பெயர்த்து வழி பண்ணிக் கொடுத்தார். கச்சேரிக்கு அழைக்கிறவர்கள் தேதி கேட்பதற்கு முன்னால் வாசல்கதவின் அகலத்தைச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். “நம்ம பிள்ளைங்ககூட இந்த வேகத்துல வளரலைங்க” என்றார் மனைவி, சோபாவைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டே.

இதில் கொடுமை என்னவென்றால், வளர வளர அதன் நாதம் கூடிக்கொண்டே போனது. எவ்வளவு பெரிதானாலும் அது வயோலாவின் குரல்தான். ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஓர் ஆழம் அதில் சேர்ந்திருந்தது. கேட்டவர்கள் காரணமே இல்லாமல் அழுதார்கள். யாரிடமோ மன்னிப்புக் கேட்க மறந்துவிட்டது போல இருந்தது என்று ஒருவர் பத்திரிகையில் எழுதினார். கைதட்டல் காதைப் பிளக்கும்போதெல்லாம் வாத்தியார் தலையைக் குனிந்துகொள்வார். அதை அடக்கம் என்று சொன்னார்கள்.

நான்காம் எண்ணைத் தேடவும் செய்தார். குழுவின் அலுவலகத்தில் கேட்டதற்கு, தேர்வுத் தாள்களை அன்று சாயந்தரமே கிழித்துப் போட்டுவிடுவது வழக்கம் என்றார்கள். ரயிலில், வரிசையில், மருத்துவமனை வராந்தாவில் யாராவது மூக்கால் மூச்சிழுத்தால் திரும்பிப் பார்த்தார். முன்பெல்லாம் பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேரைத் திருப்பி அனுப்புகிறவர், இப்போது வந்தவர் யாராக இருந்தாலும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார், ஒருவேளை இவராக இருந்தால் என்று. அவரைப்போல் பெரிய மனசுக்கார வாத்தியார் உண்டா என்று ஊர் பேசியது. அப்படிப் பேசிய வருடம் வயோலா இரண்டு விரல்கடை கூடுதலாக வளர்ந்தது.

பெருமூச்சு முதல் நாற்காலியில் நன்றாகவே உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் ஆயிற்று, பெண் பிறந்தது, முன்தலையில் நரை எட்டிப் பார்த்தது. வாத்தியார் குழுவோடு வாசிக்கும் கச்சேரிகளில் பின்னாலிருந்து அவரைக் கண்ணெடுக்காமல் பார்ப்பாள். எங்கே பேசச் சொன்னாலும், தன்னை உருவாக்கினவர் இவர் என்றுதான் தொடங்குவாள். அவள் பேசிவிட்டு இறங்கியதும் வயோலாவின் மரத்தில் மளுக்கென்று ஒரு சத்தம் வரும். வாத்தியாருக்கு மட்டும் அது என்னவென்று தெரியும்.

வயோலா முன்னறையின் விட்டத்தைத் தொட்ட வருடம், வாத்தியாருக்கு ஒரு பாராட்டு விழா ஏற்பாடானது. பேசப்போகிறவள் பெருமூச்சு. இன்னும் ஒரு பேச்சை இந்த வீடு தாங்காது என்று வாத்தியாருக்குப் பட்டது. முதல் தடவையாக மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கேட்டுவிட்டு, வயோலாவை அடியிலிருந்து விட்டம்வரை ஒரு தரம் பார்த்தார். “இது வளராம நிக்கணும்னு சொல்லப்போறீங்களா, இல்ல அவளுக்குத் தெரியணும்னு சொல்லப்போறீங்களா?” என்று கேட்டார்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் பெருமூச்சு வில்லுக்கு ரோசின் பிசினைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் கதவைச் சாத்திவிட்டு, திரை, மூச்சு, மதிப்பெண் எல்லாவற்றையும் பூசிமெழுகாமல் சொன்னார்.

“அப்ப என்னைத் தோக்கடிக்கத்தான் போட்டீங்களா சார்?”

“ஆமா.”

“எதுக்கு?”

“வயித்தெரிச்சல்மா.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, சிரித்துவிட்டாள். “நல்லவேளை, ஜலதோஷம் காப்பாத்திச்சு. விடுங்க சார். எத்தனை வருஷத்துக் கதை! இதையா சுமந்துக்கிட்டுத் திரிஞ்சீங்க?”

பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த வாத்தியாரின் வயோலா, சாப்பிட்டு முடித்தவர் பெல்ட்டைத் தளர்த்துவது போல மெல்ல முனகியது. வாத்தியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டார். அவள் மறுபடி ரோசின் தேய்க்க ஆரம்பித்தாள். நாலு இழுப்பு தேய்த்திருப்பாள், கை நின்றது.

“சார், அந்த நாலாம் நம்பர்... என்னைவிட நல்லா வாசிச்சாங்களா?”

இந்தக் கேள்வி வரும் என்று வாத்தியார் நினைத்தே பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் தன்னைப் பற்றி நினைத்தார், நான்காம் எண்ணைப் பற்றி நினைத்தார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி யாருடையது என்று அவள் கேட்கக்கூடும் என்று ஒரு தரம்கூட நினைக்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வாசிப்பைக் கேட்டுவிட்டுப் பொய் சொன்னது ஒரு தடவை. இரண்டாவது தடவை அவருக்கு நாக்கு எழவில்லை.

“ஆமாம்மா.”

“ரொம்பவா?”

“ரொம்ப.”

அவள் சரி என்று தலையாட்டினாள். மேடைக்குப் போய், இவர் என் வாத்தியார் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி, தன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அன்று அவள் வாசித்ததில் ஒரு பிசகும் இல்லை.

வாத்தியாரின் வயோலா வளர்வது அன்றோடு நின்றது. சுருங்கவில்லை. அடுத்த வாரம் பெருமூச்சு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளுடைய வயோலாப் பெட்டி மூடாமல், நடுவில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. மனைவி கதவைத் திறந்து, கயிற்றைப் பார்த்து, வாம்மா என்றார். முன்னறையில் பெரிய வயோலாவுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்த இடத்தில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எப்படிப் பிடிக்கிறதுன்னு காட்டுங்க சார். உங்களுக்குப் பழக்கம் இருக்கு.”

வாத்தியார் அவள் முகத்தைப் பார்க்காமல், முழங்கையை எவ்வளவு இறக்க வேண்டும், தோளை எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும், முதல் வருடம் கழுத்து எந்தப் பக்கம் வலிக்கும் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அவள் அடிக் கம்பியில் வில்லை வைத்தாள். அவளுக்கே தெரியாத ஓர் ஆழம் அதிலிருந்து வந்தது. அந்தப் பருவத்தின் முதல் கச்சேரியில் வயோலா வரிசையின் நாற்காலிகளைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு அவளுக்கு இடம் விட்டார்கள். கச்சேரி சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது.