நாற்பதாயிரம் லிட்டர்

அலுவலகத்தில் அவளைக் ‘குழி மேடம்’ என்பார்கள், அவள் காதுபடவே. டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு அடித்தளமும், அவை உடைந்தால் எண்ணெய் வடிந்து தேங்கக் குழியும் வரைந்து கொடுப்பதே இருபத்தோரு வருடமாக அவள் வேலை. கணவர் போனபின் வீட்டில் பேச்சுத்துணை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்வான். சில ஞாயிறு மறந்தும் போவான்.

வாய்க்காலை ஒட்டிய துணைமின் நிலையத்துக்கு அவள் வரைந்த குழியைப் பார்த்து மேலதிகாரி முகம் சுளித்தார்.

“எண்ணெயே நாப்பதாயிரம் லிட்டர்தான். குழியை லட்சம் லிட்டருக்கு மேல போட்டிருக்கீங்க. கிணறா வெட்டறோம்?”

“தீ அணையணும்னு உள்ள ஜல்லி நிரப்பறோம் சார். கல்லு போக எண்ணெய்க்குக் கிடைக்கிறது நூத்துல நாப்பது பங்கு. மழைத்தண்ணி வேற நிக்கும்.”

மூன்று கூட்டங்களில் அதையே சொன்னாள். அவர் சலித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

ஆறு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த டிரான்ஸ்ஃபார்மர் காலையில் வெடித்துவிட்டது என்று பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்தது. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இருப்புக்கொள்ளாமல் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

துணைமின் நிலைய வாசலில் பராமரிப்பு ஃபோர்மேன் மறித்தார். “யாரும்மா நீங்க?”

“இந்தக் குழியை வரைஞ்சது நான்தான்.”

ஒரு கணம் பார்த்தவர், ஹெல்மெட் ஒன்றை நீட்டி உள்ளே கூட்டிப்போனார்.

கருகிய தொட்டிக்கு அடியில், குழியின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே, கற்களின் இடுக்கில் எண்ணெய் கறுப்பாக மின்னியது. அப்பால் வாய்க்கால் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

“நாங்க நாலு பேரு பக்கத்துலதான் நின்னோம்,” என்றார் ஃபோர்மேன். “எரிஞ்சுக்கிட்டே வழிஞ்சது, ஜல்லிக்குள்ள இறங்கினதும் அணைஞ்சுபோச்சு. ஒரு சொட்டு வெளிய போகல.”

அவள் குனிந்து, விளிம்பிலிருந்து எண்ணெய் வரை கையால் அளந்து பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் தம்பிக்குப் போன் போட்டாள்.

“அவசரமாக்கா? மீட்டிங்ல இருக்கேன்.”

“அவசரமில்லடா. நீ பாரு.”

பக்கத்து இருக்கையில் மடியில் பையை வைத்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முன்பின் தெரியாதவள். “நான் வரைஞ்ச குழி ஒண்ணு இன்னிக்கு நாலு பேரைக் காப்பாத்துச்சுங்க,” என்று ஆரம்பித்தாள் அவள். ஜல்லி, மழைத்தண்ணீர், நூற்றில் நாற்பது, எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டாள்.

“நல்ல காரியம் பண்ணீங்க,” என்று சொல்லிவிட்டுத் தன் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள்.

இவளுக்கு இன்னும் மூன்று நிறுத்தம் இருந்தது. அவள் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.