காலியாகத் திரும்பிய தட்டு

கெய்ரோ வானொலி நிலையம் ஒன்றில் ரமலான் தொடர் நாடகத்துக்கு அன்று முதல் ஒத்திகை. எழுதியவள் நெவீன். விவாகரத்தாகி இரண்டு வருடமாகியும் ஆறாத வயிற்றெரிச்சலை முப்பது பாகமாக எழுதித் தள்ளியிருந்தாள். நாயகி அச்சு அசல் அவளேதான். வில்லி, மாமியார் இன்ஸாஃப். பேரை மட்டும் மாற்றியிருந்தாள்.

அந்த இன்ஸாஃப் காலையில்தான் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "மகளே, உன் நாடகம் வருதாமே! எங்க கட்டடம் முழுக்கச் சொல்லிட்டேன். என் மருமக எழுதினது, எல்லாரும் என் வீட்டுல வந்து கேளுங்கன்னு."

'நல்லாக் கேளு கிழவி' என்று நெவீன் சிரித்துக்கொண்டாள்.

மாமியாராக நடிக்க வந்த மூத்த நடிகை ஷெரீஃபா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பொண்ணே, நாப்பது வருஷமா நான் வில்லி. குரல்ல விஷத்த எங்க ஏத்தணும்னு தெரியணுமில்ல? பக்கம் பக்கமா தேடிட்டேன். நான் பண்ற தப்பு எங்கயும் ஆப்டல."

"பன்னிரண்டாம் பாகம்மா. நோன்பு திறக்குற நேரத்துக்கு தினமும் தட்டோட வந்து நிக்கிறா. வேவு பாக்க."

"வாசல்லயே குடுத்துட்டுப் போயிடுறாளே! உள்ள வராம என்னத்த வேவு பாப்பா? மருமகளுக்குப் பிடிக்கும்னு புறாவுக்குள்ள அரிசி அடைச்சுக் கொண்டு வர்றா, பாவம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சரி, உன் நாயகி என்ன பண்றா? தின்னுட்டுத் தட்டக் காலியா திருப்பி அனுப்புறா. நம்ம வீடுகள்ல தட்டு காலியா போகுமா? நாலு பேரீச்சம்பழமாவது வெக்க மாட்டோம்? இத எழுதறப்ப உனக்குக் கை கூசலியா?"

கூசவில்லை. ரோஷக்காரியின் வெற்றி என்று நினைத்துத்தான் எழுதினாள். அந்த இடத்தில் வீரமான பின்னணி இசை வேண்டும் என்றுகூடக் குறித்திருந்தாள்.

நடந்ததும் அதுதான். முப்பது நாளும் தட்டு காலியாகவே போனது. மறுநாள் அதே தட்டில் மறுபடி சாப்பாடு வந்தது. ஒரு நாளாவது அந்த அம்மாள் முகம் சுளித்தாளா? நெவீன் யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை. காது மடல் வரை சுட்டது. மேசையைச் சுற்றியிருந்த பதினோரு பேரையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

பேனாவை எடுத்து இசைக் குறிப்பை அடித்தாள்.

"உங்க குரல்ல விஷம் வேண்டாம்மா."

நாயகியாக நடிக்க வந்த சின்னப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்போ... நான் ஏத்தணுமா மேடம்?"

"ஏத்தும்மா," என்றாள் நெவீன், தலை நிமிராமல்.